ஸாப்ஃபினோ: அரை நூற்றாண்டு காத்திருந்த கையெழுத்து

கையெழுத்துப் பாணி எழுத்துரு ஒன்று நல்லதா என்று பார்க்க நான் முதலில் செய்வது, இரட்டை எழுத்து வரும் ஆங்கிலச் சொல் ஒன்றை அதில் அடிப்பது. இரண்டு எல், இரண்டு பி, இரண்டு ஜி, எதுவானாலும் சரி. பேனா பிடித்து எழுதுகிறவர் கையில் அந்த இரண்டும் ஒன்றுபோல் விழாது. முதலாவது கொஞ்சம் ஒடுங்கி நிற்கும், இரண்டாவது நீண்டு வளைந்து அடுத்த எழுத்துக்கு வழிவிடும். எழுத்துருவிலோ பெரும்பாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. என்ன குறை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இதை யாரும் எழுதவில்லை என்பதைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

புத்தக அட்டை, அழைப்பிதழ், சான்றிதழ், வாசனைத் திரவியப் பெட்டி என்று பெரிய அளவில், சில சொற்களுக்கு மட்டும் பயன்படும் வனப்பெழுத்து எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதை நேருக்கு நேர் எதிர்கொண்டு பெருமளவு வென்ற எழுத்துரு ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் ஸாப்ஃபினோவைத்தான் சொல்வேன். ஜெர்மானிய எழுத்துக்கலைஞர் ஹெர்மன் ஸாப்ஃப் வடிவமைத்தது, லைனோடைப் நிறுவனம் 1998இல் வெளியிட்டது. அதன் மூலம், 1944இல் ஒரு குறிப்பேட்டில் அவர் எழுதிய ஒரு பக்கம். நடுவில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த எழுத்துருவின் அழகில் பாதிதான் எழுத்துகளின் வடிவத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, எந்த இடத்தில் எந்த வடிவம் வர வேண்டும் என்ற தேர்வில் இருக்கிறது. அந்தத் தேர்வை யார் செய்வது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத் தொழில்நுட்பமும் வேறு வேறு பதில் வைத்திருந்தது. ஸாப்ஃபினோவின் வரலாறு முழுக்க அந்தப் பதில்களின் வரலாறுதான்.

வரைபடம் போட்ட கை

ஸாப்ஃப் 1918 நவம்பர் 8 அன்று நியூரம்பெர்கில் பிறந்தார். மின் பொறியாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தொழிற்சங்க வேலைகளில் இருந்த அவருடைய அப்பா, 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை இழந்தார். சில காலம் டாக்காவ் முகாமில் அடைபட்டும் கிடந்தார். அப்படிப்பட்ட குடும்பத்துப் பையனுக்கு மேல்படிப்பின் கதவு திறக்கவில்லை. 1934இல் நியூரம்பெர்கில் ஓர் அச்சு நிறுவனத்தில் படங்களைத் திருத்தும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு அதே ஊரில், மறைந்த எழுத்துக்கலைஞர் ருடால்ஃப் கோக் நினைவாக நடந்த கண்காட்சியைப் பார்த்தார். அப்புறம் கோக், எட்வர்ட் ஜான்ஸ்டன் ஆகிய இருவரின் பாடநூல்களை வைத்துக்கொண்டு பட்டை முனைப் பேனாவில் தானாகவே எழுதப் பழகினார். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆசிரியர் யாரும் இல்லை.

போரில் முதலில் பீரங்கிப் படைக்கு எடுக்கப்பட்டவர், அந்த வேலைக்குச் சரிப்படாமல் வரைபடப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். பிரான்சின் போர்தோ நகரில் இருந்துகொண்டு ஸ்பெயின் நாட்டு வரைபடங்களை வரைந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே ஒரு மில்லிமீட்டர் உயர எழுத்துகளை எழுதும் கண்ணும் கையும் அவருக்கு இருந்தன. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் குறிப்பேட்டில் எழுத்துப் பயிற்சி. ஸாப்ஃபினோ பிறந்த பக்கம் அப்படி எழுதியதுதான்.

இந்தப் பின்னணியை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. ஸாப்ஃபினோவைப் பார்ப்பவர்கள் அதன் வளைவையும் வீச்சையும் பார்த்து, "சுதந்திரமாக எழுதியது" என்பார்கள். வீச்சு சுதந்திரமானதுதான். ஆனால் ஒவ்வொரு கோடும் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும், சாய்வு எத்தனை என்பதில் இம்மியும் பிசகு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஊர்ப் பெயர் எழுதிப் பழகிய கை, பெரிய வெள்ளைத் தாளில் கட்டவிழ்த்து ஓடும்போது இப்படித்தான் ஓடும். இன்று வெளியாகும் பல கையெழுத்துப் பாணி எழுத்துருக்களில் வீச்சு இருக்கிறது, இந்தக் கட்டுப்பாடு இல்லை. நான்கு சொற்களை வரிசையாக அடித்தாலே அது தெரிந்துவிடும்.

ஈயத்தில் ஏன் நிற்கவில்லை

போர் முடிந்தபின், 1947இல், ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பல் எழுத்து வார்ப்பகத்தில் கலைப் பொறுப்பு ஸாப்ஃபுக்குக் கிடைத்தது. பாலட்டினோ, ஆப்டிமா என்று இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் எழுத்துகள் அந்த வார்ப்பகத்துக்காக வரையப்பட்டவைதான். 1948இலேயே வனப்பெழுத்து ஒன்றையும் ஈயத்தில் கொண்டுவர முயன்றார். வெர்ச்சுவோசா என்ற பெயரில் அது வெளிவந்தது. அழகான எழுத்து. ஆனால் 1944ஆம் ஆண்டுப் பக்கத்தில் இருந்த விடுதலை அதில் இல்லை. ஸாப்ஃபே அதைச் சமரசமாகத்தான் பார்த்தார்.

ஏன் சமரசம் என்பது புரிய, ஓர் ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அது ஒரு சின்னச் செவ்வகக் கட்டை. அதன் தலையில் எழுத்து கண்ணாடிப் பிம்பமாகப் புடைத்திருக்கும். கட்டைகளை ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கினால் சொல். ஆகவே ஒவ்வொரு எழுத்தும் தன் செவ்வகத்துக்குள் அடங்கியாக வேண்டும். கையெழுத்தில் 'எஃப்' வரைகிறவர் மேல்வளைவை அடுத்த எழுத்தின் தலைக்கு மேலும், கீழ்வாலை முந்திய எழுத்தின் காலடியிலும் நீட்டுவார். ஈயத்தில் அதைச் செய்ய வேண்டுமானால், எழுத்தின் அந்தப் பகுதி கட்டைக்கு வெளியே அந்தரத்தில் தொங்க வேண்டும். பக்கத்துக் கட்டையின் தோள்மேல் அது சாய்ந்து நிற்கும். கொஞ்சம் தொங்கினால் தாங்கும். அதிகம் தொங்கினால், அடுக்கும்போதோ பிரிக்கும்போதோ அச்சின் அழுத்தத்திலோ முறிந்துவிடும். சாய்வான கையெழுத்துகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் ஃபிர்மின் டிடோ கட்டையையே சாய்வாக வார்த்துப் பார்த்தார். சாய்வுச் சிக்கல் தீர்ந்தது, வால் சிக்கல் தீரவில்லை. எழுத்து இயந்திரத்தில் வரி வரியாக வார்க்கும் லைனோடைப் முறையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஓர் எழுத்து தன் அகலத்தைத் தாண்டிப் பக்கத்து எழுத்தின்மேல் நீளவே முடியாது. அந்த இயந்திரத்துக்காக வரைந்த சாய்வு எழுத்துகளில் 'எஃப்' குறுகி, முதுகு ஒடுங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

மாற்று வடிவங்கள் என்ற யோசனை புதிது அல்ல. 1450களில் கூட்டன்பெர்க் அச்சிட்ட 42 வரி பைபிளுக்கு ஏறத்தாழ 290 வெவ்வேறு அச்சுகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். லத்தீன் எழுத ஐம்பது அறுபது போதும். மீதியெல்லாம் கூட்டெழுத்துகள், சுருக்கக் குறிகள், அகலத்தில் வேறுபடும் மாற்று வடிவங்கள். கையெழுத்துப் பிரதிபோல் பக்கம் நெருக்கமாகவும் ஒழுங்காகவும் அமைய வேண்டும் என்பதற்காக அத்தனையும் வார்க்கப்பட்டன. பிறகு வந்த அச்சகங்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கூடுதல் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனி உளி வேலை, தனி வார்ப்பு, பெட்டியில் தனி அறை. அதற்கெல்லாம் மேலாக, எந்த அறையிலிருந்து எடுப்பது என்று அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு தடவையும் நின்று யோசிக்க வேண்டும். வேகத்துக்கும் செலவுக்கும் முன்னால் பன்முகம் தோற்றுப்போனது.

ஆக, தேர்வை யார் செய்வது என்ற கேள்விக்கு ஈய காலத்தின் பதில்: அச்சுக்கோப்பவர், அவருக்கு நேரம் இருந்தால்.

1993

ஸாப்ஃப் கணினியைக் கண்டு விலகிய தலைமுறை அல்ல. அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 1977 முதல் 1987 வரை கணினி எழுத்தமைப்பையே கற்பித்தார். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத்தோடு சேர்ந்து அமெரிக்கக் கணிதச் சங்கத்துக்காக ஆய்லர் என்ற கணித எழுத்துருவை உருவாக்கினார். வரிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் இறுக்கியும் தளர்த்தியும் பத்தியைச் சீராக்கும் ஒரு நிரலுக்குப் பின்னாலும் அவர் இருந்தார். அவருடைய பெயரின் முதல் எழுத்துகளே அந்த நிரலின் பெயர்.

ஆய்லர் வேலையில் இருந்த இளைஞர்களில் ஒருவர் டேவிட் சீகல். பிற்பாடு, கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் சிங்கின் கையெழுத்தை அடிப்படையாகக் கொண்டு டெக்டன் என்ற எழுத்துருவை 1989இல் அடோபிக்குச் செய்து கொடுத்தவர். கையெழுத்தை எழுத்துருவாக்கும்போது என்ன காணாமல் போகிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும். 1993இல் அவர் ஸாப்ஃபை அணுகினார். ஓர் எழுத்துக்கு ஒரே வடிவம் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, ஏராளமான மாற்று வடிவங்களை வைத்துக்கொண்டு, இடத்துக்கு ஏற்ப நிரல் தேர்ந்தெடுக்கும் எழுத்துரு ஒன்றைச் செய்யலாம் என்பது அவர் யோசனை. ஸாப்ஃபின் வேறொரு வனப்பெழுத்துப் படைப்பை அடிப்படையாக வைக்கலாம் என்றார். ஸாப்ஃபுக்கு அது சரியான தொடக்கமாகப் படவில்லை. அப்போதுதான் 1944ஆம் ஆண்டுக் குறிப்பேட்டுப் பக்கம் அவர் நினைவுக்கு வந்தது.

நிரல் வேலைக்குப் பாஸ்டனைச் சேர்ந்த ஜீனோ லீ என்பவரைச் சீகல் சேர்த்துக்கொண்டார். வேலை ஏறக்குறைய முடியும் தறுவாயில் சீகல் திட்டத்தை விட்டு விலகினார். எல்லாம் நின்றுபோனது. கடைசியில் ஸாப்ஃபே அதை லைனோடைப் நிறுவனத்திடம் கொண்டுபோனார். அவர்கள் திட்டத்தை மாற்றி அமைத்து முடித்துக்கொடுத்தார்கள்.

இந்த மாற்றம்தான் என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் திருப்புமுனை. முதல் திட்டத்தின் உயிர், தேர்வு செய்யும் சிக்கலான மென்பொருளில் இருந்தது. லைனோடைப் வெளியிட்ட 1998ஆம் ஆண்டுத் தொகுப்பில் அப்படிப்பட்ட தானியங்கித் தேர்வு கிடையாது. போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அன்றைய எழுத்துருக் கோப்பு வகையில், ஒரு கோப்புக்குள் 256 எழுத்து வடிவங்களுக்குத்தான் இடம். ஆகவே முழு அகரவரிசையையும் நான்கு விதமாக வரைந்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு எழுத்துருக்களாகப் பிரித்தார்கள். கூட்டெழுத்துகளுக்கு ஒன்று, அலங்காரக் குறிகளுக்கு ஒன்று. வடிவமைப்பாளர் ஒரு சொல்லை அடித்துவிட்டு, அதில் ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுத்து, இதற்கு இரண்டாம் எழுத்துரு, அதற்கு நான்காம் எழுத்துரு என்று மாற்ற வேண்டும்.

பின்னடைவுபோலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வால் முறியும் கவலை போய்விட்டது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக நீளலாம். வடிவங்கள் கைக்கு வந்துவிட்டன. தேர்வு மட்டும்தான் மனிதர் தலையில் விழுந்தது, அதுவும் நாலைந்து சொற்களுக்கு. அழைப்பிதழின் தலைப்புக்கு அரை மணி செலவழிக்க முடியாதவருக்கு இந்த எழுத்துரு எதற்கு? நிரல் முழுமையாகும்வரை காத்திருந்திருந்தால் எழுத்துரு எப்போது வந்திருக்குமோ. வடிவத்தையும் விதியையும் பிரித்து, வடிவத்தை முதலில் வெளியே கொண்டுவந்தது சரியான முடிவு.

ஒரு சொல்லை அருகில் வைத்து

ஆங்கிலத்தில் "ஹேப்பி" என்று ஒரு சொல். அழைப்பிதழ்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் இதைவிட அதிகம் வரும் சொல் இருக்காது. ஐந்து எழுத்து. முதல் 'எச்' மேலே நீளும். அடுத்த 'ஏ' நடுவில் உட்கார்ந்திருக்கும். பிறகு இரண்டு 'பி', ஒரு 'ஒய்'. மூன்றுக்கும் கீழே இறங்கும் வால்.

வனப்பெழுத்துக்கு இது கடினமான சொல். ஸாப்ஃபினோவில் சிறிய எழுத்துகளின் உடல் மிகக் குட்டை. மேலே போகும் கம்பும் கீழே இறங்கும் வாலும் உடலைப்போல் பல மடங்கு நீளம். அந்த விகிதம்தான் அதன் நளினம். அதே விகிதம் 'ஹேப்பி'யில் வினையாகிறது. எல்லா 'பி'யும் ஒரே வடிவமாக இருந்தால், சொல்லின் வலப்பாதியில் மூன்று நீளக் கோடுகள் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில், வேலிக் கம்புகள்போல் நடப்பட்டிருக்கும். இடப்பாதி காற்றில் நிற்கும்.

பேனாக்காரர் என்ன செய்வார்? முதல் 'பி'யின் வாலைச் சுருக்கி நேராக நிறுத்துவார், அல்லது இரண்டு 'பி'க்களையும் ஒரே வீச்சில் பிணைத்து ஒரு கூட்டு வடிவமாக்குவார். 'ஒய்'யின் வாலை இடப்பக்கம் திருப்பி, சொல்லின் அடியில் நீளமாக ஓடவிட்டு, காலியாகக் கிடக்கும் 'எச்'சின் காலடிவரை கொண்டுபோவார். இப்போது மேலே 'எச்'சின் வளைவும் கீழே 'ஒய்'யின் வாலும் எதிரெதிர்த் திசையில் இழுத்து, சொல் தன் எடையில் நிற்கிறது. இதே வேலையைச் செய்ய ஸாப்ஃபினோவில் பண்டம் இருக்கிறது. இரட்டை எழுத்துகளுக்குக் கூட்டெழுத்துகள் உண்டு. சொல்லின் முதலில் வர ஒன்று, நடுவில் வர ஒன்று, கடைசியில் வர ஒன்று என்று பொருந்தும் வடிவங்கள் உண்டு. குட்டை வாலும் நெட்டை வாலும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கூர்முனைப் பேனாவில் எழுதும் ஆங்கில வட்டக் கையெழுத்துப் பாணியில் எல்லா எழுத்தும் கட்டாயம் சங்கிலியாக இணைய வேண்டும். ஸாப்ஃபினோவின் வேர் இத்தாலிய மறுமலர்ச்சிக்கால அலுவலகக் கையெழுத்தில், பட்டை முனைப் பேனாவில் இருக்கிறது. அங்கே சில எழுத்துகள் தொடும், சில தொடாமல் நெருங்கி நிற்கும். கோடு தடிப்பதும் மெலிவதும் பேனாவைப் பிடித்த கோணத்தால் நடக்கும், அழுத்தத்தால் அல்ல. இந்த வித்தியாசம்தான் அதை வழக்கமான அழைப்பிதழ் எழுத்துகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. இனிப்பு குறைவு, எலும்பு அதிகம்.

விதிகள் எழுத்துருவுக்குள் வந்தபோது

தேர்வைக் கணினியே செய்யும் காலம் வர அதிக நாள் ஆகவில்லை. ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தோடு ஸாப்ஃபினோவின் சிறப்புப் பதிப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. தன்னுடைய எழுத்தமைப்புத் தொழில்நுட்பம் என்ன செய்யும் என்று காட்ட இதைவிட நல்ல எழுத்துரு அதற்குக் கிடைத்திருக்காது. பயனர் அடிக்க அடிக்க, அக்கம் பக்கத்து எழுத்துகளைப் பார்த்து வடிவம் திரையிலேயே மாறும். அந்தப் பதிப்பில் எழுத்துருவின் பெயரையே பெரிய 'இஸட்' போட்டு ஆங்கிலத்தில் அடித்தால், ஏழாவது எழுத்து விழுந்த நொடியில் சொல் முழுவதும் ஒரே கூட்டு வடிவமாகத் திரண்டுவிடும். முதல் தடவை பார்க்கிற யாரும் ஒருகணம் விரலை எடுத்துவிடுவார்கள்.

2003இல் லைனோடைப் ஸாப்ஃபினோ எக்ஸ்ட்ராவை வெளியிட்டது. லைனோடைப்பின் எழுத்துரு இயக்குநர் அகிரா கோபயாஷியும் ஸாப்ஃபும் சேர்ந்து செய்தது. இது ஓப்பன்டைப் என்ற புதிய எழுத்துருக் கோப்பு வகை. 256 என்ற எல்லை போனது. நான்கு எழுத்துருக்களில் சிதறிக் கிடந்த வடிவங்கள் ஒரே கோப்புக்குள் வந்தன. மாற்று வடிவங்களும் கூட்டெழுத்துகளும் பெருகின. இன்னும் பெரிய சுழிப்புகள் சேர்ந்தன. ஃபோர்ட்டே என்ற தடித்த வகையும் கிடைத்தது. மெல்லிய கோடுகள் அடர்ந்த பின்னணியில் வெள்ளையாக விழும்போது மை ஏறித் தேய்ந்துவிடும் என்பதை அச்சகத்தோடு மல்லுக்கட்டியவர்கள் அறிவார்கள். ஃபோர்ட்டே அந்த இடத்துக்கு ஏற்றது.

உள்ளே நடப்பது இதுதான். எழுத்துருவுக்குள் அட்டவணைகள் இருக்கின்றன. "இந்த எழுத்துக்குப் பின்னால் அந்த எழுத்து வந்தால் இந்த வடிவத்துக்குப் பதில் அந்த வடிவத்தைப் போடு" என்ற வகைக் கட்டளைகள். எழுத்தமைக்கும் மென்பொருள் அவற்றை வரிசையாகப் படித்து நிறைவேற்றும். அடித்த உரை மாறுவதில்லை, அதன் உருவம் மட்டும்தான் மாறுகிறது. அதனால் எத்தனை சுழிப்பு போட்டாலும் சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். 'கொ' என்று தமிழில் அடித்தால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் உட்காருவதும் இதே குடும்பத்து ஏற்பாட்டால்தான். தமிழுக்கும் அரபிக்கும் அது அடிப்படைத் தேவை. லத்தீன் எழுத்தில் அதை அழகுக்காகப் பயன்படுத்தியவற்றில் ஸாப்ஃபினோ முன்னோடி. பின்னால் நதீன் ஷாஹின் வரைந்த ஸாப்ஃபினோ அரபி வந்தபோது, அந்த ஏற்பாடு தன் சொந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றியது.

கணினி பார்க்காத திசை

சரி, இப்போது எல்லாம் தானாக நடக்கிறது. வடிவமைப்பாளருக்கு என்ன வேலை?

இந்த விதிகள் எல்லாம் வரியின் நீளவாக்கில்தான் பார்க்கும். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்பது அவற்றுக்குத் தெரியும். மேல் வரியில் யார், கீழ் வரியில் யார் என்பது தெரியாது. புத்தகத் தலைப்பு இரண்டு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரியின் 'ஜி' வால் நீட்டிக்கொண்டு இறங்குகிறது. சரியாக அதே இடத்தில் கீழ் வரியின் 'எல்' தலை தூக்குகிறது. இரண்டும் குறுக்கே வெட்டிக்கொண்டு, இல்லாத ஓர் எழுத்துபோல் ஒரு முடிச்சு விழும். ஓப்பன்டைப் விதி எதுவும் இதைக் கண்டுபிடிக்காது. கண்தான் பார்க்க வேண்டும். 'ஜி'க்கு வேறு வடிவம் தேர்ந்தெடுக்கலாம், கீழ் வரியை வலப்பக்கம் நகர்த்தலாம், சில சமயம் வரியை வேறு இடத்தில் உடைக்கலாம். நன்றாகச் செய்தால் இந்த மோதலே வாய்ப்பாகிவிடும்: மேல் வால் விட்ட இடைவெளிக்குள் கீழ்க்கம்பு புகுந்து, இரண்டு வரியும் ஒரே உருவமாகப் பூட்டிக்கொள்ளும். ஸாப்ஃபினோவில் அமைந்த நல்ல தலைப்புகளை எடுத்துப் பாருங்கள், அவை இந்தப் பூட்டில்தான் நிற்கின்றன.

வரி உயரமும் அப்படித்தான். வால்களுக்கு இடம் வேண்டும் என்பதால் ஆப்பிள் பதிப்பின் இயல்பான வரி உயரம், சாதாரண எழுத்துருவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதை அப்படியே விட்டால் இரண்டு வரித் தலைப்பு இரண்டு தனித்தனித் தலைப்பாகப் பிரிந்துபோகும். குறைத்தால் திரையில் சில செயலிகள் எழுத்தின் தலையையும் வாலையும் பெட்டியின் விளிம்பில் வெட்டிவிடும். சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு, வரி இடைவெளியைக் கையால் குறைப்பதுதான் வழி. உடல் குட்டை என்பதால் சொல்லப்படும் புள்ளி அளவை நம்பவும் கூடாது. உரை எழுத்துரு ஒன்றை 24 புள்ளியில் வைத்துப் பழகிய கண்ணுக்கு இதன் அளவு வேறு கணக்கு. பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எல்லாம் பெரிய எழுத்தில் அடிப்பதை நான் எங்கே பார்த்தாலும் வருந்துவேன். இதன் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சொல்லைத் தொடங்கி வைப்பதற்காக வரையப்பட்டது. தன்னைச் சுற்றி இடம் கேட்கும். பத்தை வரிசையாக நிறுத்தினால் எதையும் வாசிக்க முடியாது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுவதும் அதே அளவு கெடுதல். நெருக்கத்துக்காக அமைத்த தொடுப்புகள் எல்லாம் அறுந்துவிடும். இணையப் பக்கத்தில் எழுத்திடைவெளியைக் கூட்டினால் உலாவிகள் கூட்டெழுத்துகளையே நிறுத்திவிடும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. ஒவ்வொரு தடவையும் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த எழுத்துரு, கோடிக்கணக்கான கணினிகளில் இலவசமாக வந்து சேர்ந்ததும், பெரும்பாலானவர்கள் சொல்லை அடித்து, தானாக விழுந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே சொல்லுக்கு அதே விதி, அதே வடிவம். எத்தனையோ அட்டைகளில் ஒரே 'தேங்க் யூ', ஒரே வாலோடு. தானியங்கித் தேர்வு மோசமான முடிவைத் தருவதில்லை. தவறில்லாத, நடுத்தரமான ஒரு முடிவைத் தருகிறது. 1998இல் கையால் எழுத்தெழுத்தாக மாற்றியவர்களின் வேலைகளில் தெரிந்த ஆளுக்கு ஆள் வித்தியாசம், விதிகள் வந்தபின் குறைந்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இதற்கு மருந்து எழுத்துருவுக்குள்ளேயே இருக்கிறது. மேக்கில் எழுத்துருப் பலகத்தின் எழுத்தமைப்புப் பகுதியைத் திறந்தால் மாற்று வடிவத் தொகுதிகளை இயக்கலாம், அணைக்கலாம். வடிவமைப்பு மென்பொருள்களில் ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுத்தாலே அதன் மாற்று வடிவங்கள் வரிசையாக வந்து நிற்கும். நான் பின்பற்றும் ஒழுங்கு இது: முதலில் சொற்களையும் வரி உடைப்பையும் முடிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் இனி ஓர் எழுத்தும் மாற்றமாட்டார் என்று உறுதியானபின். அப்புறம் தானியங்கி வடிவத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, மொத்தத் தலைப்பிலும் ஒரே ஒரு பெரிய சுழிப்புக்கு இடம் தேட வேண்டும். பெரும்பாலும் அது கடைசி எழுத்தின் வாலாகவோ முதல் எழுத்தின் தலையாகவோ இருக்கும். இரண்டு பெரிய சுழிப்புகள் ஒன்றையொன்று கெடுக்கும். மீதி எழுத்துகளுக்கு ஆகக் குட்டையான, அடக்கமான வடிவங்கள். தலைப்பைச் சிறிதாக்கி எட்ட நின்று ஒரு தடவை, தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை பார்த்தால், எங்கே மை குவிந்திருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தில் மட்டும் வடிவத்தை மாற்ற வேண்டும். எல்லாம் அமைந்தபின் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்பலாம், திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு. அச்சகத்தின் கணினியில் இருக்கும் ஸாப்ஃபினோ வேறு பதிப்பாக இருந்தால், தேர்ந்தெடுத்த அத்தனை வடிவங்களும் ஒரே நொடியில் பழையபடி தானியங்கிக்குத் திரும்பிவிடும்.